அக்காக்கி எதை இழந்தார்? கோகலின் 'மேல்கோட்டு' கதை குறித்த கேள்விக்கு ஒரு விடை

சேலத்துக் கல்லூரி ஒன்றில் முதுகலை இலக்கியம் படிக்கும் மாணவி ஒருவர், கருத்தரங்கக் கட்டுரைக்காக ரஷ்ய எழுத்தாளர் நிகோலாய் கோகலின் 'மேல்கோட்டு' சிறுகதையை எடுத்துக்கொண்டு, தம் வரைவையும் அனுப்பி, என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். மேல்கோட்டு என்பது கதைத் தலைவருடைய அடையாளத்தின் குறியீடு, அது களவு போனதும் அவர் தம் அடையாளத்தை இழந்து மடிகிறார் என்று எழுதினால் சரியாக இருக்குமா என்பது முதல் கேள்வி. புதுமைப்பித்தனின் 'மனித யந்திரம்' கதையை இதனோடு வைத்துப் பேச இடமுண்டா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குத்தான் நீண்ட விடை தேவைப்படுகிறது. முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: அந்த வாக்கியம் இழப்பைத் தவறான இடத்தில் வைக்கிறது.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கம். 1842இல் வெளிவந்த இக்கதையின் நாயகர் அக்காக்கி அக்காக்கியெவிச் பஷ்மாச்கின், பீட்டர்ஸ்பர்க் நகரத்து அரசு அலுவலகம் ஒன்றில் ஆவணங்களைப் பார்த்து நகல் எழுதும் குமாஸ்தா; ஐம்பதைக் கடந்தவர், தனிக்கட்டை, ஆண்டுக்கு 400 ரூபிள் சம்பளம் வாங்குபவர். அவருடைய பழைய கோட்டு இற்றுப்போய், ஒட்டுப் போடவும் இடமில்லாத நிலைக்கு வந்துவிடவே, பெத்ரோவிச் என்ற தையற்காரனிடம் 80 ரூபிள் செலவில் புதியது தைத்துக்கொள்கிறார். போட்டுக்கொண்ட முதல் நாள் இரவிலேயே திருடர்கள் அதைப் பறித்துக்கொள்கிறார்கள். முறையிடப் போன இடத்தில், 'முக்கியப் புள்ளி' என்று மட்டுமே கதை குறிப்பிடும் உயரதிகாரி ஒருவர் காலைத் தரையில் உதைத்து அதட்ட, பனிப்புயலில் வாயைத் திறந்தபடி வீடு வந்து சேர்ந்தவர் தொண்டை வீங்கிக் காய்ச்சல் கண்டு இறக்கிறார். பிறகு ஊரில் ஓர் ஆவி உலவி, வருவோர் போவோரின் கோட்டுகளை உருவுகிறது; கடைசியில் அந்த உயரதிகாரியின் கோட்டையும் உருவிக்கொள்கிறது.

குறியீட்டைப் பற்றிப் பேசுமுன் கோட்டைக் கோட்டாகப் பார்க்க வேண்டும். நம் ஊர் வாசகருக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சித்திரை வெயிலில் வெந்துகொண்டு இக்கதையைப் படிக்கிறவருக்கு மேல்கோட்டு என்றாலே திரைப்படத்தில் துரைமார் போட்டுக்கொண்டு வரும் ஆடம்பரம்தான் நினைவுக்கு வரும். நாம் அறிந்த குளிரெல்லாம் 1,500 மீட்டர் உயரத்திலிருக்கும் ஏற்காட்டின் மார்கழிக் குளிர்தான். பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கே அங்கே குல்லாவும் மப்ளரும் வெளியே வந்துவிடுகின்றன. பீட்டர்ஸ்பர்க்கின் குளிர்காலம் நீர் உறையும் நிலைக்கும் வெகு கீழே இறங்கக்கூடியது. அந்த வடநாட்டுக் குளிரை, ஆண்டுக்கு 400 ரூபிளோ அதற்குக் கிட்டத்தட்டவோ சம்பளம் வாங்குகிற எல்லோருக்கும் பெரும் பகைவன் என்று கதைசொல்லி அறிமுகப்படுத்துகிறான். எனவே இந்தக் கோட்டு முதலில் உயிர் தப்புவதற்கான பொருள். கடைகளில் விற்கும் கைடு புத்தகங்கள் 'கோட்டு என்பது சமூக அந்தஸ்து' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவதால், நடுங்குகிற ஒரு முதுகு அங்கே காணாமல் போய்விடுகிறது.

கோகல் இதைக் கேள்வி ஞானத்தால் எழுதவில்லை. 1829ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவரே அந்நகரத்தில் கீழ்நிலைக் குமாஸ்தாவாக இருந்தவர். ஒரு குளிர்காலம் முழுவதையும் கோடைக் கோட்டிலேயே ஓட்டியதாக 1830இல் தாய்க்கு எழுதியவர். கதைக்கு வித்தாக அமைந்த செய்தியை அவருடைய நண்பர் ஆன்னென்கோவ் தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். ஏழைக் குமாஸ்தா ஒருவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி 200 ரூபிள் சேர்த்து வேட்டைத் துப்பாக்கி ஒன்று வாங்குகிறார். முதல் வேட்டையிலேயே அது பின்லாந்து வளைகுடாவின் நாணலில் சிக்கி நீரில் விழுந்துவிடுகிறது. அவர் காய்ச்சலில் படுத்துக்கொள்ள, உடன் வேலை பார்ப்பவர்கள் பணம் திரட்டிப் புதிய துப்பாக்கி வாங்கித் தந்து பிழைக்க வைக்கிறார்கள். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். கோகல் மட்டும் யோசனையில் ஆழ்ந்தாராம். எழுதும்போது அவர் செய்த மாற்றங்களைக் கவனியுங்கள். பொழுதுபோக்குப் பொருளான துப்பாக்கி, இல்லாமல் முடியாத கோட்டாகிறது. உதவிய சக ஊழியர்களோ, கதையில் அற்பத் தொகைதான் திரட்டுகிறார்கள். ஏனென்றால் இயக்குநரின் உருவப்படம் ஒன்றுக்கும், பிரிவுத் தலைவரின் நண்பர் எழுதிய புத்தகம் ஒன்றுக்கும் ஏற்கெனவே நன்கொடை கொடுத்துக் கை வறண்டிருக்கிறது. மேலதிகாரியின் முகத்தை வரைந்து மாட்டுவதற்குப் பணம் இருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருக்கிறவரின் முதுகை மூடுவதற்கு இல்லை.

இனி அடையாளம். கோட்டு பறிபோவதற்கு முன் அக்காக்கியிடம் என்ன அடையாளம் இருந்தது என்று கேட்டுக்கொள்ளாமல் இழப்பைப் பற்றி எழுத முடியாது. பிறந்தபோது நாள்காட்டியிலிருந்து எடுத்துக்கொடுத்த பெயர்கள் ஒன்றுமே தாய்க்குப் பிடிக்காமல், தந்தை அக்காக்கி, மகனும் அக்காக்கியாகவே இருக்கட்டும் என்று முடிவாகிறது. அதாவது நகலெழுத்தரின் பெயரே ஒரு நகல். அவர் எப்போது வேலையில் சேர்ந்தார், யார் சேர்த்தார்கள் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. இயக்குநர்கள் மாறிக்கொண்டே இருக்க, அவர் மட்டும் அதே இடத்தில் அதே இருப்பில் காணப்பட்டதால், சீருடையும் வழுக்கைத் தலையுமாகவே பிறந்துவிட்டார் போலும் என்று பிறகு நம்பத் தொடங்குகிறார்கள். ரஷ்ய மன்னர் முதலாம் பீட்டர் 1722இல் அரசுப் பணிக்கு வகுத்த 14 படிநிலைகளில் அவர் இருப்பது ஒன்பதாவது படி. அதற்கு ஒரு படி மேலே, எட்டாவதில், பரம்பரைப் பிரபுத்துவம் கிடைத்துவந்தது. 1845இல்தான் அந்த விதி மாறியது. ஆக, கதை எழுதப்பட்ட காலத்தில் அவர் நிற்பது வாசற்படிக்கு வெளியே. அந்த வாசலைப் பற்றி அவர் நினைத்துப் பார்த்ததாகக் கதையில் ஒரு வரிகூட இல்லை.

பெரும்பாலான கட்டுரைகள் தாண்டிச் சென்றுவிடும் ஒரு சிறு நிகழ்ச்சி கதையின் தொடக்கத்திலேயே வருகிறது. என் வாசிப்பு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. இரக்கமுள்ள இயக்குநர் ஒருவர், இவ்வளவு காலம் உழைத்தவருக்கு வெறும் நகலைவிடச் சற்றே உயர்ந்த வேலை கொடுக்கலாம் என்று எண்ணி, தயாராக இருக்கும் ஓர் ஆவணத்தை வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பத் தகுந்தபடி திருத்தித் தரச் சொல்கிறார். தலைப்பை மாற்ற வேண்டும், ஆங்காங்கே தன்மையில் இருக்கும் வினைச்சொற்களைப் படர்க்கையாக்க வேண்டும், அவ்வளவுதான். அக்காக்கிக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிடுகிறது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வேண்டாம், நகல் எடுக்கவே ஏதாவது கொடுங்கள் என்கிறார். அன்று முதல் அவரை நகலெழுத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

இதை வேலைத் திறமையின்மை என்று படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிப்பதில்லை. 'நான்' வரும் இடத்தில் 'அவர்' போட வேண்டும் என்றால், இரண்டுக்கும் நடுவில் நின்று எது எது என்று பிரித்துப் பார்க்கும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அக்காக்கிக்குள் இன்னும் பிறக்கவில்லை. பேச்சும் அதற்கு ஏற்பவே அமைந்திருக்கிறது: இடைச்சொற்களும் பொருளற்ற அசைகளுமாக எதையோ தொடங்குவார், வாக்கியம் முடியாது, முடித்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு நிறுத்திவிடுவார். எழுவாயும் பயனிலையும் சேர்ந்த ஒரு முழுச் சொற்றொடரை உயிரோடிருக்கும் வரை அவர் வாயிலிருந்து கேட்பது அரிது. இளம் குமாஸ்தாக்கள் அவர் தலையில் காகிதத் துணுக்குகளைத் தூவும்போது, கேலி எல்லை மீறினால் மட்டும், தம்மை விட்டுவிடுமாறும் ஏன் புண்படுத்துகிறீர்கள் என்றும் சொல்கிறார். அந்தச் சொல்லுக்குள் 'நான் உன் சகோதரன்' என்ற இன்னொரு குரல் ஒலித்ததாகப் புதிதாக வந்த இளைஞன் ஒருவன் உணர்கிறான். அந்த இடத்திலும் 'நான்' என்பது அக்காக்கியின் வாயில் இல்லை; கேட்டவனுடைய நெஞ்சில்தான் அது முளைக்கிறது.

அதற்காக அவரை வெறுமையானவர் என்று எழுதிவிடாதீர்கள். அவருக்கு ஒரு நிறைவு இருக்கிறது. அது எழுத்துகளுக்குள் இருக்கிறது. சில எழுத்துகள் அவருக்குச் செல்லம். அவை வரும்போது தாமாகச் சிரித்துக்கொள்வார், கண்ணடிப்பார், உதட்டை அசைத்து உதவுவார். அவர் முகத்தைப் பார்த்தே பேனா எந்த எழுத்தைப் போடுகிறது என்று படித்துவிடலாமாம். நடுத்தெருவில் நடக்கும்போதும் தம்முடைய நேர்த்தியான வரிகளையே கண்டுகொண்டு போகிறவர், ஒரு குதிரை தோளில் முகத்தை வைத்து மூக்கிலிருந்து சூறையாக மூச்சுவிட்டால்தான், தாம் வரியின் நடுவில் இல்லை, வீதியின் நடுவில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறார். நாளைக்கு ஆண்டவன் என்ன நகல் எடுக்கக் கொடுப்பாரோ என்ற மகிழ்ச்சியோடு உறங்கப் போகிறார். இது ஒரு வாழ்க்கைதான். குறையில்லாத, 'நான்' இல்லாத வாழ்க்கை. நம் மரபில் இதே நிலையைத் துறவிக்குச் சிறப்பாகச் சொல்லியிருப்பார்கள். கோகலுக்கும் அந்த நினைவு இருந்திருக்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த வாழ்க்கைக்குள் கோட்டு எப்படி நுழைகிறது? பணம் சேர்க்கும் ஏற்பாடாக நுழைகிறது. செலவழிக்கும் ஒவ்வொரு ரூபிளுக்கும் ஒரு சிறு காசை உண்டியலில் போட்டுப் பல ஆண்டுகளில் சேர்த்தது 40 ரூபிள். இன்னொரு 40 வேண்டும். மாலைத் தேநீர் நின்றுபோகிறது, மெழுகுவத்தி ஏற்றுவதில்லை, செருப்படி தேயாதபடி கற்பாதையில் நுனிக்காலால் நடக்கிறார், துணி வெளுக்கப் போடுவதைக் குறைக்கிறார். பட்டினி முதலில் கடினமாக இருந்து பிறகு பழகிவிடுகிறது. வரப்போகும் கோட்டைப் பற்றிய நினைப்பே உணவாகிவிட்டது என்றும், திருமணம் செய்துகொண்டவர் போல, கூடவே ஒரு துணை நடப்பது போல அவர் இருப்பு நிறைந்துவிட்டது என்றும் கதைசொல்லி எழுதுகிறான். முகத்திலிருந்த தயக்கம் மறைகிறது. சில சமயம் கண்ணில் ஒரு பொறி தெரிகிறது. காலருக்கு மார்ட்டன் என்ற சிறு விலங்கின் ரோமமே வைத்துவிட்டால் என்ன என்ற துணிச்சலான எண்ணம்கூட எழுகிறது. இந்த நினைப்பில் ஒருநாள் நகல் எடுக்கும்போது பிழை விடப் பார்த்து, ஐயோ என்று வாய்விட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொள்கிறார்.

கதையின் திருப்பம் அந்தப் பிழையில்தான் இருக்கிறது. மூலத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிற கை, முதல் தடவையாக மூலத்தில் இல்லாத ஒன்றை எழுதப் பார்த்தது. அதாவது, அந்த மேசையில் முதன்முதலாக ஒரு சொந்த விருப்பம் வந்து உட்கார்ந்தது. எனவே கோட்டு அவரிடம் ஏற்கெனவே இருந்த அடையாளத்தின் குறியீடு என்பதை நான் ஏற்க மாட்டேன். இல்லாத ஒன்று உண்டாகத் தொடங்கியதன் அடையாளம் அது. தொடங்கிய அந்த நேரத்திலேயே பழைய நிறைவு உடைகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கோட்டு வந்த நாளன்று, சாப்பாட்டுக்குப் பிறகு அவர் ஒரு வரிகூட நகல் எழுதவில்லை. இருட்டும்வரை படுக்கையில் சும்மா புரண்டுகொண்டிருக்கிறார். எழுத்துகளோடு இருந்த உறவை அவர் இழந்தது திருடனால் நேர்ந்ததா, கோட்டால் நேர்ந்ததா என்று உங்கள் கட்டுரை கேட்கட்டும்.

துணியைப் பற்றிய பகுதியைச் சேலத்து வாசகர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் படிப்பார்கள் என்பது என் அனுபவம். வெண்பட்டு வேட்டிக்குப் பேர்போன ஊர் இது. வகுப்பில் இக்கதையை நடத்தியபோது, அம்மாப்பேட்டை, குகை ஆகிய பகுதிகளிலிருந்து வந்த தறிக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தது இங்கேதான். உள்துணிக்குப் பட்டு வாங்க முடியாது. ஆகவே பருத்தித் துணிதான், ஆனால் பட்டைவிட மேல், பார்வைக்கும் மினுமினுப்பு என்று பெத்ரோவிச் சாதிக்கிறான். மார்ட்டன் ரோமம் எட்டாத விலை. கடையிலேயே சிறந்த பூனை ரோமத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் மார்ட்டன் என்றே தோன்றும்படி. தையல் முழுவதும் பட்டு நூலில் நெருக்கமான இரட்டைத் தையல்; ஒவ்வொரு தையலின் மேலும் பெத்ரோவிச் தன் பல்லால் கடித்து விதவிதமான வடிவங்களைப் பதிக்கிறான். இந்தப் பற்குறியைப் பாருங்கள். ஆயிரம் பக்கம் நகல் எழுதிய அக்காக்கி தம்முடையது என்று ஒரு குறியையும் எதிலும் பதித்ததில்லை. குடிகாரத் தையற்காரனோ தன் வாயையே முத்திரையாகக் குத்துகிறான். பூனை ரோமமும் குறியீட்டு வேலையைச் செய்கிறது: ஒன்றைப் போல இருக்கும் இன்னொன்று, தூரத்தில் நிற்பவருக்காகச் செய்யப்பட்டது. அவர் நிஜமாகவே சொந்தமாக்கிக்கொண்ட முதல் பொருளின் கழுத்திலேயே ஒரு நகல் தைக்கப்பட்டிருக்கிறது.

அதே தையற்காரனின் பொடி டப்பாவை விட்டுவிடக்கூடாது. அதன் மூடியில் யாரோ ஒரு தளபதியின் படம்; எந்தத் தளபதி என்று தெரியாது, ஏனென்றால் முகம் இருந்த இடத்தை விரலால் குத்திவிட்டு, அங்கே சதுரமாக ஒரு காகிதத் துண்டு ஒட்டப்பட்டிருக்கிறது. புதிய கோட்டு தைத்தே ஆக வேண்டும் என்று பெத்ரோவிச் சொன்னதும் அக்காக்கிக்குக் கண் இருண்டு, அறையில் உள்ள எல்லாம் குழம்பிப்போகின்றன. தெளிவாகத் தெரிவது அந்த முகமில்லாத தளபதி மட்டும்தான். பிறகு வரும் 'முக்கியப் புள்ளி'யின் பதவி நிலையும் தளபதிக்கு நிகரானதுதான். அவருக்கும் கதை பெயர் கொடுக்கவில்லை. கோகல் குறியீடுகளை இப்படித்தான் வைக்கிறார்: ஒரு மலிவான பொருளாக முதலில் மேசைமேல் கிடக்கும், பிறகு அதே உருவம் மனிதனாக எழுந்து வந்து எதிரில் நிற்கும்.

கோட்டு அணிந்த அந்த ஒரு நாளைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. சக ஊழியர்கள் உடுப்பு மாட்டும் அறைக்கு ஓடி வந்து பார்ப்பதும் வாழ்த்துவதும் கோட்டைத்தான். மாலை விருந்தில் கோட்டைச் சிறிது நேரம் வியந்துவிட்டுச் சீட்டாட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். புறப்படும்போது அது கூடத்துத் தரையில் விழுந்து கிடக்கிறது. ஆனால் இதற்கிடையில் அவர் கடைச் சன்னலில் ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்துப் புன்னகைத்ததையும், திரும்பும் வழியில் மின்னலாகக் கடந்துபோன ஒரு மாதின் பின்னால் காரணமின்றிச் சிறு ஓட்டம் ஓடியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவருக்கு இளமை வந்து, ஒரே இரவு தங்கிவிட்டுப் போகிறது.

களவு நடக்கும் இடத்தில் திருடன் பேசுவதைக் கூர்ந்து படியுங்கள். வெறிச்சோடிய சதுக்கத்தில் மீசைக்காரர்கள் சிலர் வழிமறிக்க, ஒருவன் காலரைப் பற்றிக்கொண்டு, இது என் கோட்டல்லவா என்று முழக்கமிடுகிறான். மற்றவன் ஒரு குமாஸ்தாவின் தலையளவு பெரிய முஷ்டியை வாய்க்கு நேராக நீட்டுகிறான். எனது என்ற உரிமைச் சொல்லை அக்காக்கி சொல்லக் கற்றுக்கொள்ளுமுன் இன்னொருவன் முந்திக்கொண்டு உரக்கச் சொல்லிவிடுகிறான். சொல்ல வேண்டிய வாயை முஷ்டி அடைக்கிறது. உங்கள் கட்டுரையில் 'இழப்பு' என்ற சொல் வர வேண்டிய இடம் இதுதான். இருந்த அடையாளம் பறிபோனதாக எழுதாமல், தன்னைக் குறித்துப் பேசப்போன வாய் பேசுமுன் அடைக்கப்பட்டதாக எழுதினால், கதையின் முன்பாதியும் பின்பாதியும் ஒரே கயிற்றில் வந்துவிடும்.

அடையாள இழப்பு என்பதை அக்காக்கிக்கு மட்டும் எழுதிவைத்தது உங்கள் வரைவின் பெரிய குறை. 'முக்கியப் புள்ளி' அண்மையில்தான் முக்கியமானவர் ஆனவர். பதவி கிடைப்பதற்கு ஒரு வாரம் முன்பே தனியறையில் கண்ணாடி முன்னால் நின்று குரலையும் பார்வையையும் பழகிக்கொண்டவர். கீழுள்ளவர்களோடு அவருடைய உரையாடல் ஏறக்குறைய மூன்று வாக்கியங்கள்தான்: எவ்வளவு துணிச்சல், யாரிடம் பேசுகிறாய் தெரியுமா, உன் முன்னால் நிற்பது யார் என்று புரிகிறதா. உள்ளுக்குள் நல்லவர், உதவும் குணமுள்ளவர், ஆனால் பதவி அவரைக் குழப்பிவிட்டது என்று கதை வெளிப்படையாகவே சொல்கிறது. சமமானவர்களோடு இயல்பாக இருக்கும் அந்த மனிதர், தம்மைவிட ஒரே ஒரு படி தாழ்ந்தவர் அவையில் இருந்தாலும் வாயடைத்துப்போகிறார். இவரும் நகலெழுத்தர்தான், இவர் நகல் எடுப்பது அதிகாரத்தின் குரலை. கலெக்டர் அலுவலகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ மனுவோடு வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் குரல் புதிதல்ல. ஒரு வித்தியாசம் உண்டு: அக்காக்கி நகல் எடுப்பதில் மகிழ்ச்சி இருந்தது, இவருடைய நகலில் அச்சம்தான் இருக்கிறது.

இறப்புக்குப் பின் அக்காக்கி விட்டுச்சென்றவை: ஒரு கட்டு வாத்திறகுப் பேனாக்கள், ஒரு கத்தை வெள்ளை அரசுத் தாள், மூன்று சோடிக் காலுறை, காற்சட்டையிலிருந்து அறுந்த இரண்டு மூன்று பொத்தான்கள், பழைய கோட்டு. அடக்கம் முடிந்து சில நாள் கழித்துத்தான் அலுவலகத்துக்குச் செய்தி தெரிகிறது. மறுநாளே அந்த நாற்காலியில் வேறொருவர். புதியவர் உயரமானவர், எழுத்துகளை நிமிர்த்தி எழுதாமல் சாய்த்து எழுதுகிறார். உலகம் கண்டுகொண்ட வேறுபாடு இவ்வளவே. ஒரு மனிதர் இருந்தார் என்பதற்குச் சான்று எழுத்தின் சாய்வில்தான் இருக்கிறது என்னும் அந்த வரியை நீங்கள் மேற்கோளாகக் காட்டியே ஆக வேண்டும். இறந்தவுடன் மறக்கப்படுகிறார் என்று பொதுவாக எழுதினால், கையெழுத்துதான் அவர் முகம் என்று கதை முன்பே காட்டியிருப்பது வீணாகிவிடும்.

ஆவி வரும் பகுதியைப் பலர் வேடிக்கையாகவோ பழிவாங்கலாகவோ பார்த்து இரண்டு வரியில் முடிப்பார்கள். அங்கே நிகழும் ஒரு மாற்றத்தைக் காட்டுகிறேன். மரணப் படுக்கையின் பிதற்றலிலேயே அக்காக்கியின் நாக்கு அவிழ்கிறது. 'மேன்மை தங்கிய' என்ற விளியைத் தொடர்ந்து, வீட்டுக்காரக் கிழவி சிலுவைக் குறி போட்டுக்கொள்ளும் அளவுக்குக் கடுமையான வசைகள் வருகின்றன. பிறகு, ஆவியாக வந்து உயரதிகாரியின் காலரைப் பிடிக்கும்போது பேச்சு துண்டு துண்டாக இல்லை. உன்னைப் பிடித்துவிட்டேன், எனக்கு வேண்டியது உன் கோட்டு, என்னுடையதற்காக நீ ஒன்றும் செய்யவில்லை, உன்னுடையதைக் கொடு என்ற கருத்தில் எழுவாயும் பயனிலையும் பொருந்திய தெளிவான தன்மை வாக்கியங்கள். தன்மையைப் படர்க்கையாக்கச் சொன்னபோது வியர்த்துப்போன மனிதர், செத்த பிறகுதான் தன்மையில் பேசுகிறார். தவிர, அந்த ஆவி ஒருவரின் கோட்டையும் பதவி பார்த்து விட்டுவைப்பதில்லை. அந்த நகரத்தில் படிநிலையைக் காணாத கண் அது ஒன்றுக்குத்தான் இருக்கிறது.

முன்பு தள்ளிவைத்த துறவிச் செய்தி இங்கே பொருந்தும். கிறித்தவ மரபில் அக்காக்கியோஸ் என்றொரு புனிதர் உண்டு. கொடுமைக்கார மூத்த துறவி ஒருவருக்கு ஒன்பது ஆண்டுகள் முணுமுணுக்காமல் பணிவிடை செய்து இறந்தவர் என்றும், இறந்துவிட்டாயா என்று கல்லறையில் கேட்டபோது உள்ளிருந்தே விடை சொன்னவர் என்றும் துறவு நூலொன்றில் வருகிறது. ஆய்வாளர்கள் இந்தத் தொடர்பைச் சுட்டியிருக்கிறார்கள். நீங்கள் இதை ஓர் அடிக்குறிப்பாக வைத்தால் போதும். கட்டுரையின் முதுகெலும்பாக்கினால் கதையின் நகைச்சுவை செத்துவிடும். நகைச்சுவையைச் சொல்லும்போது இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். 1919இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில் ரஷ்யத் திறனாய்வாளர் போரிஸ் ஐகென்பாம், இக்கதையின் உயிர் கதைசொல்லியின் குரலிலும் ஒலி விளையாட்டிலும் இருக்கிறது, 'சகோதரன்' பகுதியின் உருக்கம்கூட அந்த விளையாட்டுக்கு எதிர்நிலையாக வைக்கப்பட்ட உத்தியே என்று வாதாடினார். முழுவதும் ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. உருக்கம் உத்தியாக இருப்பதால் பொய்யாகிவிடாது. ஆனால் பரிதாபத்தை மட்டுமே வைத்து எழுதப்பட்ட கட்டுரைகளுக்கு அவர் கொடுத்த அடி நியாயமானது. உங்கள் வரைவில் 'பாவப்பட்ட' என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் ஒருமுறை பாருங்கள்.

கதையின் கடைசிப் பத்தியில் பெரிய மீசையும், உயிருள்ளவர்களிடம் காணக்கிடைக்காத பெரிய முஷ்டியுமாக இன்னொரு ஆவி வந்து காவலனை மிரட்டிவிட்டு இருட்டில் மறைகிறது. அது அக்காக்கி இல்லை, திருடனின் சாயல். பக்கம் இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 'மனித யந்திர'த்தை ஒப்பிடத் தாராளமாக இடமிருக்கிறது. ஆனால் ஒற்றுமையைக் காட்டுவதில் பக்கங்களைச் செலவழிக்காதீர்கள். இருவரும் குமாஸ்தாக்கள், இருவரும் காகிதத்தோடு ஆயுளைக் கழித்தவர்கள் என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். ஸ்டோர் குமாஸ்தா மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு எழுத்தின் மேல் காதல் கிடையாது. அவருக்கு 'நான்' என்ற எண்ணத்திலும் குறைவில்லை, மனத்துக்குள் கோட்டை கட்டத் தெரிந்தவர். கடைப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவதென்று துணிந்து ரயிலடி வரை போனவர், தாமாகவே திரும்பி வந்து, குறைந்த சில்லறையைத் தம் பெயரில் பற்று எழுதிவைக்கிறார். அக்காக்கியிடமிருந்து பறிப்பதற்குத் திருடர்கள் தேவைப்பட்டார்கள், அதட்டுவதற்கு ஓர் அதிகாரி தேவைப்பட்டார். பிள்ளையைத் தடுத்தவர் ஒருவருமில்லை. திருடிய கையே கணக்கையும் எழுதுகிறது. அந்தப் பற்று வரியையும் அக்காக்கியின் கை விடப்பார்த்த அந்த ஒரு பிழையையும் அடுத்தடுத்து வைத்து உங்கள் ஒப்பீட்டைத் தொடங்குங்கள்.